மெதுவேகப் பாசிட்ரான் மோதி மூலக்கூறு அயனியாகும் சோதனை: அறிகுறி வாரியாகக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

சோடியம்-22 மூலத்திலிருந்து வரும் பாசிட்ரான்களை (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) தணிப்பானில் வேகம் குறைத்து, டிராப்பில் (மின், காந்தப் புலங்களால் ஆன பொறி) பிடித்துக் குளிர்வித்து, துடிப்புத் துடிப்பாக வாயு அறைக்குள் அனுப்பும் அமைப்புக்கு எழுதிய குறிப்பு இது. காந்தப்புலத்தில் செல்லும் தொடர் கற்றை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அறைக்குள் நடப்பதை இரண்டு வழியில் பார்க்கிறோம். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழியும்போது வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்களை எண்ணலாம். அல்லது உண்டான அயனிகளை இழுத்து, அவை பறந்து வரும் நேரத்தைக் கொண்டு நிறை பிரிக்கலாம். ஆற்றல் அலகை இனி எ.வோ. என்றும் அதன் ஆயிரத்தில் ஒன்றை மி.எ.வோ. என்றும் சுருக்கி எழுதுகிறோம்.

எலக்ட்ரான் கற்றையில் கைபழகியவர்கள் பாசிட்ரானுக்கு வந்ததும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் மோதி அயனி வர வேண்டுமானால் மூலக்கூறின் அயனியாக்க ஆற்றலைத் தாண்டியாக வேண்டும். பாசிட்ரானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அயனியாக்க ஆற்றலுக்கு மேலே அதுவும் எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றும். இது நேரடி அயனியாக்கம். அதற்கு 6.8 எ.வோ. கீழேயே அது ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு பாசிட்ரோனியமாகப் போய்விடும். அந்த 6.8 பாசிட்ரோனியத்தின் பிணைப்பாற்றல். அதற்கும் கீழே, ஆற்றல் சுழியம் வரைக்கும், மூலக்கூறின் எலக்ட்ரான் ஒன்றோடு இணைந்து அழிந்து அயனியை விட்டுச்செல்லும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அறிகுறி எதுவானாலும் அந்த நேரத்தில் கற்றை இந்த மூன்று பகுதிகளில் எதில் இருந்தது என்று தெரியாமல் அதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

அடிக்கடி தேவைப்படும் எண்கள் இவை. முதல் எண் அயனியாக்க ஆற்றல், அடுத்தது பாசிட்ரோனியம் தொடங்கும் ஆற்றல், இரண்டும் எ.வோ. அலகில்:

ஹீலியம் 24.59 – 17.79
ஆர்கான் 15.76 – 8.96
நைட்ரஜன் 15.58 – 8.78
தண்ணீர் 12.62 – 5.82
மீத்தேன் 12.61 – 5.81
பியூட்டேன் 10.53 – 3.73
ஹெக்சேன் 10.13 – 3.33
அசிட்டோன் 9.70 – 2.90
பென்சீன் 9.24 – 2.44

எந்த அறிகுறிக்கும் முன்: ஆற்றலின் சுழியம் எங்கே?

பவர் சப்ளையில் தெரியும் வோல்ட்டைக் கற்றையின் ஆற்றல் என்று எடுத்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாமே தப்பாகும். டங்ஸ்டன் தணிப்பானிலிருந்து நேராக வரும் கற்றை, தணிப்பானுக்குக் கொடுத்த மின்னழுத்தத்தைவிட ஏறக்குறைய 2.6 முதல் 3 எ.வோ. கூடுதலாக வரும், ஏனென்றால் பாசிட்ரானுக்கு டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் எதிர்க்குறி உடையது, அது தானே வெளியே தள்ளுகிறது. டிராப்பிலிருந்து வரும் கற்றையில் தணிப்பானின் கதை முடிந்துபோயிருக்கும். பாசிட்ரான்கள் டிராப்பின் வெளிவாசலிலுள்ள மின்னழுத்த மேட்டைத் தாண்டி வழியும் நேரத்தில் அந்த மேடு எவ்வளவு உயரமோ அதுவே கற்றையின் ஆற்றலைத் தீர்மானிக்கும். இதற்கு மேல், வேறுவேறு உலோகப் பரப்புகளுக்கு இடையிலான தொடு மின்னழுத்தம் சில பத்து மி.எ.வோ. முதல் அரை எ.வோ. வரை நகர்த்தும்.

அளவுத்திருத்தம் செய்வது இப்படி. அறையில் ஆர்கானை விட்டு, 7 முதல் 12 எ.வோ. வரை 0.1 படியாக ஏற்றி அயனி எண்ணிக்கையைப் பதியுங்கள். எண்ணிக்கை எழும்பும் இடம் 8.96. பிறகு ஹீலியம், அது 17.79ல் எழ வேண்டும். இரண்டும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் தொடு மின்னழுத்தம், அந்த எண்ணைக் கழித்துவிடலாம். வெவ்வேறு அளவு தள்ளியிருந்தால் கழித்துப் பயனில்லை. சப்ளையின் அளவுகோல் பிசகியிருக்கிறது, அல்லது பக்கத்து மின்முனையின் புலம் அறைக்குள் கசிகிறது. முதல் அயனி எண்ணிக்கை தென்பட்ட இடத்தைத் தொடக்கமாகக் குறிக்காதீர்கள். கற்றையின் ஆற்றல் பரவல் தொடக்கத்தை முன்னே இழுத்துக் காட்டும். பரவலோடு சேர்த்துப் பொருத்திய வளைவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஹைட்ரோகார்பன் விட்ட பிறகு அறைச் சுவரில் மூலக்கூறுகள் ஒட்டிப் பரப்பின் தன்மை மாறும். ஆகவே ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு ஆர்கான் சோதனை. அரை மணி நேர வேலைதான். இதைத் தவிர்த்தவர்கள் ஒரு வாரத் தரவைத் தூக்கிப்போட நேரிடும்.

அறிகுறி: கற்றை மெல்ல மெல்லத் தேய்கிறது

சோடியம்-22 அரை ஆயுட்காலம் 2.6 ஆண்டு, மாதத்துக்கு 2.2 சதவீதம் இயற்கையாகவே குறையும். அதற்கு மேல் குறைந்தால் தணிப்பானைப் பாருங்கள். திட நியான் தணிப்பான் ஏறக்குறைய 7 கெல்வினில் வளர்க்கப்படுவது, நல்ல நிலையில் நூற்றில் ஒரு பாசிட்ரான் வரை தணித்துக் கொடுக்கும். வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் வாயு அதன் மேல் படியப் படியத் திறன் விழும். 20 கெல்வின் தாண்டினாலே நியான் ஆவியாகிவிடும், புதிதாக வளர்க்கலாம். ஆனால் அடியில் உறைந்திருக்கும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் அந்தச் சூட்டில் போகாது. இரண்டு மூன்று முறை வளர்த்தும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை என்றால் தணிப்பானைக் குளிர்விக்கும் குளிர்தலையை அறைவெப்பநிலைக்கே கொண்டுவந்து, நன்றாக பம்ப் செய்துவிட்டுத் தொடங்குங்கள். டங்ஸ்டன் என்றால் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் மறுபடி காய்ச்ச வேண்டும். அதன் திறன் நல்ல நாளிலேயே பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். மூலத்தின் மெல்லிய டைட்டானியச் சன்னலை எதற்காகவும் தொடக்கூடாது.

தணிப்பானுக்குப் பின் எண்ணிக்கை சரி, டிராப்புக்குப் பின் குறைவு என்றால் டிராப்பில் பாசிட்ரானைப் பிடிக்க விடும் நைட்ரஜன் படிநிலைதான் சந்தேகம். நைட்ரஜனில் பாசிட்ரான் 8.6 எ.வோ. அளவில் எலக்ட்ரான் கிளர்ச்சியை உண்டாக்கி ஆற்றலை இழந்து டிராப்பில் விழுகிறது, 8.78ல் பாசிட்ரோனியம் தொடங்கி அதைத் தின்கிறது. இரண்டுக்கும் இடைவெளி மயிரிழை. முதல் கட்ட மின்முனையின் படியை அரை எ.வோ. மாற்றினாலே பிடிபடும் விகிதம் கண்கூடாக மாறும். அழுத்தத்தில் கை வைக்கும் முன் இதைச் சீர்செய்யுங்கள்.

அறிகுறி: பிடிபட்ட பாசிட்ரான்கள் டிராப்பிலேயே சீக்கிரம் மறைகின்றன

இங்கே ஒரு கணக்கு போட்டால் குற்றவாளி தெரிந்துவிடும். இணையழிவு வேகம், வினாடிக்கு, என்பது 7.5×10⁻¹⁵ பெருக்கல் கன சென்டிமீட்டருக்கு உள்ள மூலக்கூறு எண்ணிக்கை பெருக்கல் இசட்-எஃபெக்டிவ். இந்தக் கடைசி எண் ஒரு மூலக்கூறு எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளதுபோல நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. அறைவெப்பநிலையில் நைட்ரஜனுக்கு 30, மீத்தேனுக்குச் சுமார் 140, பியூட்டேனுக்கு 11,000, ஹெக்சேனுக்கு 1,20,000, டோடெகேனுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். பெரிய ஹைட்ரோகார்பன்களில் உண்மையான எலக்ட்ரான் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

10⁻⁶ டார் (அழுத்த அலகு) நைட்ரஜனில் வேகம் வினாடிக்கு 0.007; அதாவது ஆயுள் இரண்டு நிமிடத்துக்கும் மேல். பத்து லட்சம் இசட்-எஃபெக்டிவ் கொண்ட பம்ப் எண்ணெய் 10⁻⁹ டார் மட்டும் இருக்கட்டும்: வேகம் 0.25, ஆயுள் 4 வினாடி. ஆயிரத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் இருக்கும் அசுத்தம் முப்பது மடங்கு அதிகமாகக் கொல்கிறது. அழுத்தமானி எதையும் காட்டாது. பின்பக்க பம்ப் எண்ணெய் இல்லாததாக இருக்கட்டும், திரவ நைட்ரஜன் குளிர்பொறி வையுங்கள், ரப்பர் வளையங்களுக்கு கிரீஸ் பூசும் பழக்கத்தை விடுங்கள். சோதனை அறையிலிருந்து நீங்களே விட்ட ஹெக்சேன் டிராப் பக்கம் திரும்பிப் போகிறதா என்பதையும் பாருங்கள்: அறைக்கு வாயு விட்டதும் டிராப் ஆயுள் குறைந்தால் இடையிலுள்ள குறுகிய குழாய் போதவில்லை.

அறிகுறி: பாசிட்ரோனியம் தொடங்கும் ஆற்றலுக்குக் கீழேயும் அயனிகள் வருகின்றன

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வரும். இது உண்மையாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். பெரிய கரிம மூலக்கூறு என்றால் உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் இதைத் தெளிவாகவே அளந்திருக்கிறார்கள். ஆனாலும் முதலில் போலி என்றே வைத்துக்கொண்டு சோதிப்பது நல்லது.

சோதனைக்குச் சிறந்த வாயு நைட்ரஜன். 5 எ.வோ. ஆற்றலில் நைட்ரஜனின் இணையழிவுக் குறுக்குவெட்டு (நிகழ்வு நடக்கும் வாய்ப்பைக் காட்டும் பரப்பளவு) சுமார் 2×10⁻²¹ சதுர சென்டிமீட்டர். பாசிட்ரோனியம் உண்டாகும் குறுக்குவெட்டு அதன் தொடக்கத்துக்கு மேலே 10⁻¹⁶ அளவில் இருக்கும். நடுவில் ஐம்பதாயிரம் மடங்கு. ஆகவே 5 எ.வோ.வில் நைட்ரஜன் அயனி கண்ணில் படும் அளவுக்கு வருகிறது என்றால் அது உங்கள் பாசிட்ரான் செய்த வேலை அல்ல. யார் செய்தது என்று இப்படிப் பிரியுங்கள்:

1. அறைக்கு முன்னால் உள்ள கிரிட்டில் கற்றை ஆற்றலைவிட 5 வோல்ட் அதிகமாகக் கொடுத்து மெதுவேகப் பாசிட்ரானை முழுதாக நிறுத்துங்கள். அயனிகள் அப்படியே தொடர்ந்தால் அவை தணிக்கப்படாத வேகப் பாசிட்ரான்களால் வருபவை. சோடியம்-22லிருந்து 545 கிலோ எ.வோ. வரை வரும். வளைந்த சோலினாய்டோ குறுக்குப் புலத் தகடுகளோ அவற்றை வடிகட்ட வேண்டும். டிராப் துடிப்புக் கற்றையில் நேரச் சன்னல் வைத்தாலே பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

2. நிறுத்தியதும் அயனிகள் நின்றன, ஆனால் கற்றை ஆற்றலை 1 முதல் 8 வரை மாற்றியும் எண்ணிக்கை மாறவே இல்லை என்றால் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களைச் சந்தேகியுங்கள். அயனி டிடெக்டரான மைக்ரோசேனல் தட்டின் முகப்பு −2000 வோல்ட்டில் இருக்கும். பாசிட்ரானோ அயனியோ அதில் பட்டுக் கிளம்பும் எலக்ட்ரான், அந்த 2000 வோல்ட்டாலேயே பின்னோக்கி முடுக்கப்பட்டு, காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வாயு அறைக்குள் வந்து எதையும் அயனியாக்கும். தட்டுக்கு முன்னால் ஒரு கிரிட் வைத்து −2100 கொடுங்கள். இந்த ஒரு கிரிட் இல்லாததால் வீணான நாட்கள் பல ஆய்வகங்களில் உண்டு.

3. எண்ணிக்கை 8.78 எ.வோ.வுக்குக் கொஞ்சம் கீழே மட்டும், தொடக்கத்தை ஒட்டியே வருகிறதா? ஆற்றல் பரவலின் வால் அது, அல்லது சுழியம் பிசகியிருக்கிறது. மேலே சொன்ன ஆர்கான் சோதனைக்குத் திரும்புங்கள்.

4. நிறை எண் 28ல் இல்லாமல் 18, 43, 57 போன்ற இடங்களில் வருகிறதா? அசுத்த வாயு. தண்ணீருக்கு 5.82ல், எண்ணெய் மூலக்கூறுகளுக்கு 3 எ.வோ. அளவிலேயே வாசல் திறந்துவிடுகிறது.

நைட்ரஜனில் சுத்தமாக ஒன்றும் இல்லை, ஹெக்சேன் விட்டதும் 3.33க்குக் கீழே அயனிகள் வருகின்றன என்றால் இப்போது நம்பலாம். உறுதிக்கு மூன்று அடையாளங்கள். எண்ணிக்கை அழுத்தத்துக்கு நேர்விகிதமாக இருக்க வேண்டும். ஆற்றலை 1 எ.வோ.வுக்குக் கீழே குறைக்கக் குறைக்கக் கூட வேண்டும். போலி அயனிகள் பெரும்பாலும் அப்படிக் கூடுவதில்லை. ஒவ்வொரு அயனியோடும் 511 காமா ஒன்று ஒரே நேரத்தில் வர வேண்டும். ஹெக்சேனின் ஒத்ததிர்வு முகட்டில் (விளக்கம் கீழே) இசட்-எஃபெக்டிவ் ஒரு லட்சம் என்று வைத்தால் 0.3 எ.வோ.வில் குறுக்குவெட்டு 2.3×10⁻¹⁷, நைட்ரஜனைப்போல் மறைந்து போகும் அளவல்ல, தாராளமாக அளக்கலாம்.

அறிகுறி: தாய் அயனி குறைவு, துண்டுகள் அதிகம்

முதலில் ஆற்றலைப் பாருங்கள், நிறைமானியைக் கழற்றாதீர்கள். பாசிட்ரோனியத் தொடக்கத்துக்குச் சற்று மேலே, அரை எ.வோ. முதல் ஒரு எ.வோ. வரை தாண்டிய இடத்தில், தாய் அயனி, அதாவது உடையாத முழு மூலக்கூறின் அயனி, ஓங்கி நிற்க வேண்டும். காரணம் எளிது: மிச்ச ஆற்றல் இல்லாததால் மூலக்கூறின் மேல்மட்ட எலக்ட்ரானை மட்டுமே பறிக்க முடியும், அயனிக்குள் உடைவதற்கு வேண்டிய ஆற்றல் தங்குவதில்லை. அங்கேயே துண்டுகள் அதிகம் என்றால் உண்மையில் கோளாறு.

தொடக்கத்துக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். கற்றையில் ஆற்றல் குறைவு, துண்டுகளோ அதிகம். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் கருவியைக் குறைசொல்வார்கள். கருவி சரிதான். 1994ல் கிராஃபர்ட் கொடுத்த விளக்கம் இது: பாசிட்ரோனியம் உண்டாகும்போது ஆற்றல் வரவு-செலவு மேல்மட்ட எலக்ட்ரானைத்தான் அனுமதிக்கும். இணையழிவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை; 10 லட்சம் எ.வோ.வுக்கு மேல் வெளியாகும் நிகழ்வில் அழியும் எலக்ட்ரான் மேல்மட்டத்ததா, அதற்குப் பல எ.வோ. அடியில் இருந்ததா என்பது பொருட்டே அல்ல. இணைதிற எலக்ட்ரான்களில் எது வேண்டுமானாலும் போகலாம். அடிமட்டத்தில் ஓட்டை விழுந்த அயனி அந்த வித்தியாசத்தை உள்ளுக்குள் அதிர்வாக மாற்றிக்கொண்டு உடைகிறது. உடைக்கும் ஆற்றல் பாசிட்ரானின் வேகத்திலிருந்து வருவதில்லை, விட்டுப்போன ஓட்டையிலிருந்து வருகிறது.

பாசிட்ரோனியத் தொடக்கத்துக்குச் சற்று மேலான அந்தச் சரியான இடத்திலும் துண்டுகள் மிகுந்தால் மட்டும் அடுத்தவை. மைக்ரோசேனல் தட்டில் அயனி 2 கிலோ வோல்ட் முடுக்கத்தோடு மட்டும் விழுந்தால் கனமான அயனிகளைக் குறைவாக எண்ணும், இலேசான துண்டுகள் பெருத்துத் தெரியும். 4 முதல் 5 கிலோ வோல்ட்டாக உயர்த்தி விகிதம் மாறுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும்: புரோட்டான் போன்ற இலேசான துண்டுகள் உடையும்போதே வேகத்தோடு கிளம்புவதால், இழுக்கும் புலம் பலவீனமாக இருந்தால் ஓரமாகத் தப்பிவிடும், அளவில் குறைந்து காட்டும்.

அறிகுறி: இருக்கக்கூடாத நிறை எண்கள்

மீத்தேன் விட்டால் 17லும் 29லும், தண்ணீர் விட்டால் 19லும் முகடு வருகிறதா? அவை பாசிட்ரான் உண்டாக்கியவை அல்ல. மீத்தேன் அயனி இன்னொரு மீத்தேனிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கி 17 ஆகிறது. நிறை 15 கொண்ட மெத்தில் அயனி மீத்தேனோடு சேர்ந்து ஹைட்ரஜன் மூலக்கூறை உதிர்த்து 29 ஆகிறது. தண்ணீர் அயனி தண்ணீரோடு மோதி 19, அதாவது ஹைட்ரோனியம். மீத்தேன் வினையின் வேகமாறிலி வினாடிக்கு 10⁻⁹ கன சென்டிமீட்டரை ஒட்டியது. 10⁻⁶ டார் அழுத்தத்தில் தாய் அயனியின் ஆயுள் சுமார் 25 மில்லி வினாடி. அயனிகளை டிராப்பில் 100 மில்லி வினாடி சேர்த்துவைத்துப் பிறகு வெளியே எடுத்தால் தாய் அயனி கிட்டத்தட்ட முழுதும் மாறிப்போயிருக்கும். சேர்த்துவைக்கும் நேரத்தை 5 மில்லி வினாடிக்குக் குறையுங்கள், அல்லது அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள். 16க்கும் 17க்கும் உள்ள விகிதத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து சுழிய நேரத்துக்கு நீட்டுவது மிகச் சுத்தமான வழி.

அறிகுறி: அதிர்வு ஒத்ததிர்வு முகடு தெரியவில்லை

பெரிய இசட்-எஃபெக்டிவுக்குக் காரணம் இதுதான்: பாசிட்ரான் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது வரும் ஆற்றல் மூலக்கூறின் ஏதோவொரு அதிர்வுக்குப் போகிறது. எனவே முகடு, அதிர்வு ஆற்றலிலிருந்து பிணைப்பாற்றலைக் கழித்த இடத்தில் நிற்கும். 2002ல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுர்கோவின் குழு இதை ஆற்றல் வாரியாகக் காட்டியது. கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வு ஏறக்குறைய 365 மி.எ.வோ. பிணைப்பாற்றல் புரோப்பேனுக்கு 10, பியூட்டேனுக்கு 35, ஹெக்சேனுக்கு 80, டோடெகேனுக்கு 220. ஆக முகடு ஹெக்சேனுக்கு 285 அருகே, டோடெகேனுக்கு 145 அருகே. 365லேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

சரியான இடத்தில் தேடியும் தட்டையாகவே இருந்தால் ஆற்றல் பரவல்தான் காரணம். நியான் தணிப்பானிலிருந்து நேரே வரும் கற்றையில் பரவல் ஒரு எ.வோ.வுக்கு மேல், அதில் இந்த முகடு ஒருபோதும் தெரியாது, முயற்சி வேண்டாம். அறைவெப்பநிலை டிராப் கற்றையில் 25 முதல் 40 மி.எ.வோ. வர வேண்டும். அதைவிட அகலமாக வந்தால், டிராப்பில் குளிர்விக்கக் கொஞ்சம் கார்பன் டெட்ராஃபுளூரைடு விட்டிருக்கிறீர்களா பாருங்கள்; நைட்ரஜன் மட்டும் குளிர்விப்பது ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவு. அடுத்து, வாசலைத் திறக்கும் வேகம். சட்டென்று திறந்தால் துடிப்பு குறுகும், ஆற்றல் பரவும். மெதுவாக வழியவிட்டால் பரவல் சுருங்கும், துடிப்பு நீளும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

இன்னொரு காரணம் பலர் கண்ணுக்குத் தப்பும்: அயனியை இழுக்கும் புலம் பாசிட்ரான் கடக்கும்போதே போடப்பட்டிருப்பது. சென்டிமீட்டருக்கு 10 வோல்ட் புலத்தில் 2 மில்லிமீட்டர் தடிமனான கற்றையின் இரு ஓரங்களுக்கு இடையே 2 எ.வோ. வித்தியாசம். மி.எ.வோ. கணக்கில் சோதனை செய்பவர்களுக்கு இது பேரழிவு. புலத்தைத் துடிப்பாகப் போடுங்கள். 1 எ.வோ. பாசிட்ரான் 20 சென்டிமீட்டர் அறையை 0.34 மைக்ரோ வினாடியில் கடந்துவிடும். மீத்தேன் அயனி அறைவெப்பநிலை வேகத்தில் ஒரு மைக்ரோ வினாடியில் 0.6 மில்லிமீட்டர்தான் நகரும். துடிப்பு போன பிறகு இழுத்தால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

இதன் மறுபக்க அறிகுறியும் உண்டு. மீத்தேன் பாசிட்ரானைப் பிணைப்பதில்லை. அதில் 300 மி.எ.வோ. அருகே கூரான முகடு கண்டால் மகிழாதீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு ஹெக்சேன் கலந்திருந்தாலே அதன் பங்கு 120, மீத்தேனின் சொந்த 140க்குச் சமம். முன்பு ஹெக்சேன் ஓடிய குழாயைச் சூடாக்கி வெளியேற்றாமல் மீத்தேன் விட்டிருப்பீர்கள். டியூட்டிரியம் ஏற்றிய மூலக்கூறு கையில் இருந்தால் இன்னும் எளிது: கார்பன்–டியூட்டிரியம் நீட்சி 270 அருகே இருப்பதால் முகடு முழுதாகக் கீழே இறங்கும். இறங்காத முகடு அசுத்தத்தினுடையது.

அறிகுறி: காமா எண்ணிக்கை அழுத்தத்தோடு நேர்கோட்டில் ஏறவில்லை

கோடு மேல்பக்கம் வளைந்தால் பலமுறை சிதறல். மொத்தச் சிதறல் குறுக்குவெட்டை 5×10⁻¹⁵ என்று வைத்துக்கொண்டால் 20 சென்டிமீட்டர் அறையில் 10⁻⁵ டாரில் நூற்றில் மூன்று பாசிட்ரான்கள் சிதறும். 10⁻⁴ டாரில் நூற்றில் முப்பது அளவு. சிதறியவை சுற்றிச்சுற்றி அறைக்குள் அதிக நேரம் தங்கி, அதிகம் அழியும். சிதறல் பத்து சதவீதத்துக்குள் இருக்கும்படி அழுத்தத்தை வையுங்கள். கோடு சுழியத்தின் வழியே போகாமல் மேலே வெட்டினால் வாயுவோடு சம்பந்தமில்லாத பின்னணி: சுவரில் படும் பாசிட்ரான், சோடியம்-22ன் 1275 கிலோ எ.வோ. காமா சிதறி 511 சன்னலில் விழுவது. டிடெக்டர் அறையின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும்படி ஈயம் அடுக்கி, பாசிட்ரான் அறைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோ வினாடிகளில் மட்டும் எண்ணுங்கள்.

கோடு நேராகவே இருந்தும் முடிவு மற்றவர்களின் அளவைவிட மூன்று நான்கு சதவீதம் குறைவாக வந்தால் அழுத்தமானிதான். கொள்திறன் அழுத்தமானி 45 டிகிரியில் சூடாக்கப்பட்டிருக்கும், அறை 22 டிகிரியில். குறைந்த அழுத்தத்தில் இரண்டுக்கும் அழுத்தம் சமமாகாது, வெப்பநிலைகளின் வர்க்கமூல விகிதத்தில் நிற்கும்: மானி ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். அயனியாக்க அழுத்தமானியை நேரே நம்பியவர்களுக்கு இன்னும் மோசம். நைட்ரஜனுக்கு 1 என்றால் ஹீலியத்துக்கு 0.18, ஆர்கானுக்கு 1.3, ஹைட்ரோகார்பன்களுக்குப் பல மடங்கு.

அறிகுறி: அயனி–காமா உடனிகழ்வு எண்ணிக்கை நம்பும்படி இல்லை

தொடர் கற்றையில் தற்செயல் உடனிகழ்வு (சம்பந்தமில்லாத அயனியும் காமாவும் ஒரே நேரச் சன்னலில் விழுவது) எளிய பெருக்கல். காமா வினாடிக்கு 2000, அயனி 100, சன்னல் 10 மைக்ரோ வினாடி என்றால் தற்செயல் மட்டுமே வினாடிக்கு 2. டிராப் கற்றையில் அந்தப் பெருக்கல் ஏமாற்றும். ஒரு துடிப்பில் பத்தாயிரம் பாசிட்ரான்கள் ஒன்றாக வரும்போது, ஒன்று சுவரில் அழிந்து தந்த காமாவும் இன்னொன்று உண்டாக்கிய அயனியும் எப்போதும் ஒரே நேரத்தில்தான் இருக்கும். சன்னலை எவ்வளவு குறுக்கினாலும் பிரியாது. ஒரு துடிப்புக்கு ஒரு நிகழ்வுக்கும் குறைவாக வரும்படி துடிப்பைச் சிறிதாக்கி, வினாடிக்கு வரும் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பாசிட்ரோனியப் பகுதியில் உடனிகழ்வு எதிர்பார்த்ததில் கால்வாசியாக வந்தால் டிடெக்டரைக் குறைசொல்ல வேண்டாம். உண்டாகும் பாசிட்ரோனியத்தில் நான்கில் மூன்று ஆர்த்தோ வகை, ஆயுள் 142 நானோ வினாடி. 1 எ.வோ. வேகத்தில் அதற்குள் 6 சென்டிமீட்டர் பறந்து சுவரைத் தொட்டுவிடும், அல்லது வழியிலேயே 511க்குக் குறைவான மூன்று காமாக்களாக அழியும். 125 பிக்கோ வினாடியில் அதே இடத்தில் அழியும் பாரா வகை மட்டுமே உங்கள் ஈயச் சன்னலுக்குள் 511 தருகிறது. இந்தப் பகுதிக்கு மட்டும் ஈயத்தை விலக்கி, ஆற்றல் சன்னலின் கீழ் எல்லையை 300 கிலோ எ.வோ. வரை இறக்கி எண்ணுங்கள். தொடக்கத்துக்குக் கீழே திரும்பும்போது பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.